மரத்தைத் தேடி வந்த வாள்

2016 டிசம்பர் 12 அன்று பிற்பகலில், வர்தா என்று பெயரிடப்பட்ட புயல் சென்னையில் கரையேறி, அதன் கண் நகரத்தைக் கடந்த சிறிது நேரம் காற்று அடங்கி, உபத்திரவம் தீர்ந்தது என்று நம்பி நாங்கள் கதவைத் திறந்து வெளியே வந்து நின்றபின், அது எதிர்த்திசையிலிருந்து மறுபடி எழுந்தபோதுதான், கொரட்டூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்ற வேம்பு விழுந்தது. முற்பகல் முழுவதும் ஒரு பக்கத்துக் காற்றுக்கு ஈடுகொடுத்து, வேர்ப்பிடி நெகிழ்ந்து போயிருந்த அம்மரம், மறுபக்கத்திலிருந்து வந்த முதல் வீச்சுக்கே, அதிகச் சத்தமில்லாமல், வயதானவர் ஒருவர் திண்ணைச் சுவரில் முதுகு சாய்ப்பதைப் போல மதிலின்மேல் சாய்ந்து படுத்துவிட்டது. மதிலும் உடன் போயிற்று என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவை என்று அறிவிக்கப்பட்டு ஒரு மாதமும் நான்கு நாளுமே ஆகியிருந்த சமயம் அது. விழுந்த மரங்களைத் துண்டாக்கிக் கொடுக்கத் தோளில் சங்கிலி ரம்பத்துடன் தெருத்தெருவாக வந்தவர்கள் கேட்ட கூலி நியாயமானதாகவே இருந்தும், அதைக் கையில் எடுத்துக் கொடுக்கக் கூடிய வீடு எங்கள் தெருவில் இரண்டோ மூன்றோதான் இருந்தது. ஆகவே பலரும் கூலிக்குப் பதிலாக மரத்தையே கொடுத்துவிட்டார்கள். என்னிடம் வந்த இளைஞரும் அவ்வாறே, "காசு வேணாம் சார், மரத்தை எடுத்துக்கறேன். விறகுக்குப் போயிடும்" என்றார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த மரத்தின் நிழலில்தான் என் தகப்பனார் தம்முடைய கடைசி பத்து வருஷங்களில் சாய்வு நாற்காலியைப் போட்டுக்கொண்டிருந்தார் என்பதால், கிளைகளை மட்டும் கொடுத்து, அடிமரத்தை எட்டடி நீளத்துக்கு நிறுத்திக்கொண்டேன். அதை என்ன செய்வது என்ற யோசனை அப்போது எனக்கு இல்லை.

யோசனை வந்தபோது வழி இல்லை. நான் விசாரித்த அறுவை மில்லில், மேஜைக்குப் பின்னாலிருந்தவர் மரத்தின் சுற்றளவைக் கேட்கவில்லை, ஜாதியைக் கேட்கவில்லை, எங்கே நின்ற மரம் என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "டவுன் மரம் எடுக்கறதில்ல சார். உள்ள ஆணி இருக்கும். பிளேடு போச்சுன்னா யார் குடுப்பாங்க?" என்று அவர் சொன்னது முதலில் ஏதோ தட்டிக்கழிக்கும் வார்த்தையாகத் தோன்றினாலும், வீடு திரும்பும் வழியில் சாலையோர மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தபோது, டியூஷன் வகுப்புப் பலகை, வாடகை வீட்டு விளம்பரம், கோயில் திருவிழாவுக்குக் கட்டிய விளக்குச் சரத்தின் கம்பி என்று ஆளுயரத்துக்குள் இரும்பு ஏறாத அடிமரம் அபூர்வம் என்பது பிரத்தியட்சமாகத் தெரிந்தது. மரமோ அதை உமிழ்வதில்லை. வருஷா வருஷம் பட்டைக்கடியில் புதுச் சதை போட்டு மூடி உள்ளே வாங்கிக்கொள்கிறது. நகரத்தில் வளர்ந்த மரம் எவ்வளவு வயிரம் பாய்ந்ததாயினும் விறகாகவே முடிவதற்கு இந்த ஆணி ஒரு முக்கியமான காரணம்.

இன்னொரு காரணம் பாரம். ஐந்தடிச் சுற்றும் எட்டடி நீளமும் உள்ள பச்சை வேம்பு ஏறக்குறைய அரை டன் எடை இருக்கும். அதை லாரியில் ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும், அறுத்தபின் பலகைகளைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். வழியில் யாரேனும் கேட்டால் 1968-ஆம் வருஷத்து மரப் போக்குவரத்து விதிகளைப் பற்றிப் பேசவும் தயாராக இருக்க வேண்டும். ஒரே ஒரு மரத்துக்காக இத்தனை பிரயாசை எவனுக்கும் கட்டாது.

பூர்வத்தில் இந்தச் சிக்கல் எழவே இல்லை என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். மரம் கனமானது, வாள் இலேசானது. ஆகவே இலேசானது கனமானதைத் தேடிப் போவதே நியாயம் என்று அக்காலத்தவர் கண்டிருந்தார்கள். அறுப்புக்காரர்கள் இருவர் நீண்ட இழுப்பு வாளைத் துணியில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு ஊருக்கு வருவார்கள். மரம் விழுந்த இடத்திலேயே குழி வெட்டியோ, இரண்டு கவைக் கட்டைகளை நாட்டி மரத்தை அதன்மேல் சாய்வாக ஏற்றியோ, காவி தோய்த்த நூலை இரு முனைக்கும் இழுத்துப் பிடித்துச் சுண்டி நேர்கோடு அடித்து, ஒருவர் மேலே நின்று கோட்டின்மேல் வாளை நடத்த, மற்றவர் கீழே நின்று இழுக்க, நாள் முழுவதும் அறுப்பார்கள். வாள் வெட்டுவது கீழ்நோக்கி வரும்போதுதான்; எனவே உழைப்பில் பெரும்பங்கும், கண்ணில் விழும் தூள் முழுவதும், கீழே நிற்பவருக்கு. மேலே நிற்பவருக்குக் கூலியிலும் மரியாதையிலும் ஏதேனும் கூடுதல் இருந்ததா என்று தெரிந்துகொள்ள எனக்கு வெகுநாளாக ஆசை.

இந்த ஒழுங்கு எப்போது தலைகீழாயிற்று என்று கேட்டால், எங்கள் ஊரைப் பொறுத்தவரை அதற்கு ஒரு வருஷத்தைக்கூடச் சொல்லலாம் போலிருக்கிறது. ராயபுரத்திலிருந்து ஆற்காட்டை நோக்கித் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை முதல் தேதி ஓடிற்று. கொரட்டூர், அம்பத்தூர், ஆவடி வழியாகப் போகும் பாதை அதுவே. தண்டவாளத்துக்கு அடியில் போடக் கட்டை வேண்டும், எஞ்சினுக்கு விறகு வேண்டும். அதே 1856-ல்தான் சென்னை மாகாணத்துக்கு முதல் வனப் பாதுகாவலராக ஹியூ கிளெகார்ன் என்ற ஸ்காட்லாந்து வைத்தியர் நியமிக்கப்பட்டார். மரம் ஆயிரக்கணக்கில் ஒரே அளவில் தேவைப்பட்டால், அதை ஒவ்வொன்றாக வாள் தேடிப் போக முடியாது. வாளை ஓரிடத்தில் ஆணியடித்து நிறுத்தி, நீராவியோ மின்சாரமோ பூட்டி, காடுகளை அதனிடம் வரவழைக்க வேண்டும். எங்கள் ரயில் பாதையில் இன்று மரக் கட்டைகள் போய்க் கான்கிரீட் வந்துவிட்டது. கழித்துப் போட்ட சிலீப்பர் கட்டையை ஏலத்தில் எடுத்து வாசற்கால் போட்டுக்கொண்ட வீடுகளை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். வெயில் நாளில் அந்த நிலைகளிலிருந்து தார்வாசனை வரும்.

என் வேம்புக்கு வழி காட்டியவர் ஒரு நண்பர். 1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முப்பது வருஷத்துக்குமேல் லேத்தில் நின்று ஓய்வுபெற்றவர். எந்தப் பொருளைக் கண்டாலும் அது என்ன என்பதைவிட அதை வேறு எதுவாக ஆக்கலாம் என்பதையே முதலில் யோசிக்கும் ஸ்வபாவம் உடையவர். சங்கிலி ரம்பத்தை ஒரு சட்டத்தில் பூட்டி மரத்தின்மேல் படுக்கை வாட்டில் தள்ளிக்கொண்டு போய்ப் பலகை அறுக்கும் 'அலாஸ்கன் மில்' என்ற சாதனம் ஒன்று அமெரிக்காவில் புழக்கத்தில் உண்டு. ரம்பமும் சட்டமும் சேர்த்து ஒரு மனிதன் கையில் தூக்கிக்கொண்டு போகலாம். நண்பர் அப்படியொன்றை வரவழைத்து, நான்கே நாளில் அதன் குறைகளைக் கண்டுபிடித்து, ஒரு மாதத்தில் அதை அடையாளம் தெரியாதபடி மாற்றிவிட்டார்.

முதல் குறை சங்கிலியில் இருந்தது. கடையில் கிடைக்கும் சங்கிலி, மரத்தைக் குறுக்கே துண்டாக்குவதற்கென்றே பிறந்தது. அதன் பற்கள் ஏறக்குறைய 30 பாகைச் சாய்வில் தீட்டப்பட்டிருக்கும். அதைக் கொண்டு நார்ப்போக்கில் நெடுக அறுத்தால் எஞ்சின் திணறும், பலகையின் முகம் உழுத வயல்போல ஆகும். நெடுக அறுக்கப் பல் கிட்டத்தட்ட நேராக, 10 பாகைக்குமேல் சாயாமல் இருக்க வேண்டும். நண்பர் உருண்டை அரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பல்லையும் அவ்வாறு தீட்டினார்; எண்ணிக்கொண்டே ராவினார் என்பதும், நடுவில் யாரேனும் பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை தவறி முதலிலிருந்து ஆரம்பித்தார் என்பதும் அவர் மனைவியார் சொல்லிக் கேள்வி.

இரண்டாவது குறை, மனிதன் கையில் பிடித்துத் தள்ளுவதில். எட்டடி தூரம் முழங்காலில் நகர்ந்தபடி, முகத்துக்கு ஓரடி தூரத்தில் கத்தும் எஞ்சினைத் தள்ளிக்கொண்டு போகிறவன் எங்கேனும் ஓரிடத்தில் மூச்சு வாங்க நிற்பான். நின்ற இடத்தில் பலகையில் படி விழும். எனவே அவர் தரையில் இரண்டு ஆங்கிள் இரும்பு நீளங்களைத் தண்டவாளமாக மட்டம் பார்த்துப் போட்டு, பழைய பேரிங்குகளைச் சக்கரமாக வைத்து ஒரு சிறு வண்டி செய்து, ரம்பத்தை அதில் தொங்கவிட்டு, கையால் சுற்றும் உருளையும் கம்பிக்கயிறும் கொண்டு அதை ஒரே சீராக இழுக்கும்படி பண்ணினார். எஞ்சினின் விசையை ஸ்கூட்டரின் பிரேக் கம்பி ஒன்று தூரத்திலிருந்தே கூட்டிக் குறைத்தது. ரம்பத்தை ஏற்றி இறக்க இரு பக்கமும் மரை போட்ட தண்டுகள். அவை இரண்டும் ஒன்றுபோலச் சுழலுவதற்கு இடையில் ஒரு சைக்கிள் செயின். ஒரு சுற்றுக்கு 4 மில்லிமீட்டர் இறங்கும் என்று அவர் சொன்னபோது, அந்தக் குரலில் இருந்த திருப்தியை நான் வேறு எந்தச் சந்தர்ப்பத்திலும் கேட்டதில்லை.

முதல் பரீட்சை, அதே புயலில் அவர் வீட்டில் விழுந்த தென்னையில் நடந்தது. உள்ளே வயிரம் உள்ளதை மரம் என்றும் வெளியே வயிரம் உள்ளதைப் புல் என்றும் தொல்காப்பியர் மரபியலில் பிரித்து வைத்திருக்கிறாரே, அதை நாங்கள் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ததுண்டு; அறுத்துப் பார்த்தபோதுதான் அது ஏட்டுப் பாகுபாடாக இல்லாமல் கையால் தொட்டுச் சொன்ன வார்த்தை என்பது விளங்கிற்று. விளிம்பில் ரம்பத்தை மழுக்கும் கடினம், நடுவில் ஈரச் சோறு. பனையும் அப்படியே; அதனால்தான் நம் பழைய ஓட்டு வீடுகளில் பனங்கை என்பது நடுச்சோற்றை நீக்கி வெளி வயிரத்தை மட்டும் ஆப்பு வைத்துப் பிளந்தெடுத்ததாக இருக்கும். புல்லை மரத்தைப்போல அறுக்கப் போனது எங்கள் தவறு.

வேம்பை அறுக்குமுன் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. மின்சாரத்தாலோ எஞ்சினாலோ மரம் அறுக்கும் இடம் எதுவாயினும் அது அறுவை ஆலை என்ற வகையில் அடங்கக்கூடும். அதற்கு உரிமம் வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டின் பின்னால் ஒரு பெரிய விருத்தாந்தம் இருக்கிறது. நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு, நீலகிரியின் கூடலூர்ப் பகுதியில் காடு அழிவதைக் கண்டு 1995-ல் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் அடுத்த வருஷம் தன் புகழ்பெற்ற இடைக்கால உத்தரவை இட்டது. காடு என்ற சொல்லுக்கே விரிந்த பொருள் தந்து, அனுமதியின்றிக் காட்டுக்குள் ஓடிய அறுவை மில்களை உடனே நிறுத்தச் சொன்னது. அந்த உத்தரவின் தேதி 1996 டிசம்பர் 12. எங்கள் வேம்பு விழுந்தது அதற்குச் சரியாக இருபது வருஷம் கழித்து, அதே தேதியில். இதற்கு ஏதும் அர்த்தம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனாலும் நாள்காட்டிக்கு இப்படிச் சில விநோதங்கள் உண்டு. காட்டைக் காப்பாற்ற வந்த சட்டம், காற்று தள்ளிய கொல்லை மரத்தையும் தன் நிழலில் சேர்த்துக்கொள்கிறது என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. அந்தச் சட்டம் இல்லாதிருந்தால் கூடலூர் மலையிலிருந்து என்னென்ன மரம் இறங்கியிருக்கும் என்பதை எண்ணுகையில், எனக்கு முணுமுணுக்க மனம் வருவதில்லை. எது எப்படியாயினும் நண்பர், கூலிக்கு அறுக்க வேண்டும் என்று கேட்டுவந்த அத்தனை பேரையும் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த வண்டி தென்னையையும் வேம்பையும் தவிர வேறு மரம் பார்த்ததில்லை.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மரத்தை அறுப்பதற்கு முன் அவர் அதை அளந்தார். மரவாடிக் கணக்கு விசேஷமானது: நடுச்சுற்றை நூலால் அளந்து, நூலை நான்காக மடித்து, அந்தக் கால் பங்கைத் தன்னாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்க வேண்டும். ஐந்தடிச் சுற்றுக்குக் கால் பங்கு ஒன்றேகால். எட்டடி நீளத்துக்கு 12½ கன அடி வருகிறது. வட்டத்தின் முறைப்படிக் கணக்கிட்டாலோ கிட்டத்தட்ட 16 கன அடி. பட்டைக்கும் புறப்பலகைக்கும் வளைவுக்கும் போவதை வியாபாரிகள் இப்படி முன்னதாகவே, யாரும் வாதாடாத ஒரு சூத்திரத்துக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடக் கணக்கு தெரிந்தவன் ஏமாற்று என்பான், மரம் தெரிந்தவன் சமரசம் என்பான்.

ஆனால் நஷ்டம் அங்கே முடிவதில்லை. நம் தச்சர்கள் ஓர் அங்குலத்தை எட்டு நூலாகப் பகுப்பார்கள். சங்கிலி ரம்பம் ஒவ்வொரு வெட்டிலும் இரண்டரை நூலைத் தூளாகத் தின்றுவிடுகிறது. பட்டை ரம்பம் தின்பது அரை நூலுக்குச் சற்று அதிகம். ஓரடிக் கனமுள்ள கட்டையில் அங்குலப் பலகை அறுத்தால், பட்டை ரம்பத்துக்குப் பதினொன்று கிடைக்கும் இடத்தில் சங்கிலிக்கு ஒன்பதுதான். இவ்வளவு மெல்லிய பட்டை ரம்பத்தின் யோசனைக்கு லண்டனில் வில்லியம் நியூபெரி 1808-லேயே உரிமம் பெற்றிருந்தும், வளையமாக்கப்பட்ட எஃகின் இணைப்பு ஓயாமல் அறுந்துகொண்டிருந்தபடியால் அது நாற்பது வருஷம் பயன்படாமல் கிடந்தது. பாரிஸில் அன் போலின் கிரெப்பன் என்ற பெண்மணி அந்த இரு முனைகளையும் நிலைத்து நிற்கும்படி பற்றவைக்கும் முறைக்கு 1846-ல் உரிமம் பெற்ற பிறகே அதற்கு உயிர் வந்தது. இருந்தாலும் ஊர்மரத்துக்குச் சங்கிலியே உசிதம் என்பது என் அபிப்பிராயம். ஆணி பட்டால் பட்டை ரம்பம் பல் மழுங்கிப் பலகைக்குள் பாம்புபோல நெளிந்து ஓடும். சங்கிலிக்கோ நாலைந்து பல் போகும், அரம் எடுத்துக்கொண்டு அரைமணி உட்கார்ந்தால் சரியாயிற்று.

ஆணி பட்டது. நான்காவது வெட்டில், தரையிலிருந்து சுமார் ஐந்தடி உயரம் என்று சொல்லக்கூடிய இடத்தில், சத்தம் மாறி ஒரு பொறி தெறித்தது. நண்பர் விசையை விட்டுவிட்டார். பலகையை நீக்கிப் பார்த்தபோது, பட்டையிலிருந்து மூன்று அங்குலம் உள்ளே, இளஞ்சிவப்பான வயிரத்தின் நடுவில், நாமத்தைப்போல நீளமாக ஒரு கருநீலக் கறை. இரும்பும் மரத்தின் துவர்ப்பும் கலந்தால் உண்டாகும் மை அது. கறையின் முனையில் பாதி அறுபட்ட ஆணி. கொடி கட்டுவதற்காக என் தாயார் யாரையோ கொண்டு அடிக்கச் சொன்ன ஆணியாக இருக்கலாம். அந்தப் பக்கத்தில்தான் எங்கள் வீட்டுத் துணிகள் காயும். எந்த வருஷம் என்று மரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. பனிபெய்யும் நாடுகளின் மரங்களைப்போல வருஷத்துக்கொரு வளையமாக எண்ணிப் பார்க்கும்படி நம்முடைய வேம்பு தன் வயதை எழுதி வைப்பதில்லை.

வேம்பு மகோகனியின் குடும்பத்தைச் சேர்ந்தது என்று தாவர நூல்கள் சொல்வதை நான் அதுவரை ஒரு மரியாதைக்குரிய தகவலாகவே வைத்திருந்தேன். அறுத்த ஈரப் பலகையின்மேல் நண்பர் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றித் தூளைக் கழுவிவிட்டபோது, அந்த நிறத்தையும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு எதிரெதிராய்ச் சாய்ந்து ஓடும் ரேகையையும் பார்த்து, அந்த உறவை மறுப்பதற்கில்லை என்று ஒப்புக்கொண்டேன். எங்கள் உதட்டிலும் தொண்டையிலும் அன்றிரவுவரை கசப்பு இருந்தது. இரண்டு சாக்குத் தூளைப் பக்கத்து வீட்டு அம்மாள் செடிக்குப் போடுகிறேன் என்று வாங்கிக்கொண்டு போனார்.

அறுத்த பலகை இன்னும் மரச்சாமான் ஆகிவிடுவதில்லை. அது ஈரத்தை இறக்க வேண்டும். முற்காலத்தில் மரத்தை மாதக்கணக்கில் ஏரியிலோ குளத்திலோ ஊறப்போட்டுச் சாற்றை இறக்கி, பிறகு நிழலில் உலர்த்துவார்கள். சாற்றிலுள்ள மாவுச்சத்துப் போய்விட்டால் வண்டு துளைக்காது, உளுக்காது. கொரட்டூருக்கும் ஒரு பெரிய ஏரி இருக்கிறது. ஆனால் பல வருஷங்களாகக் கழிவுநீர் கலந்து, பசுமைத் தீர்ப்பாயம் வரை போன ஏரி அது. அதில் ஊறப்போட்டால் மரத்துக்குத்தான் தீங்கு. எனவே பலகைகளின் இரு முனைகளிலும் வெடிக்காமலிருக்கச் சாணம் பூசி, வடக்குத் தாழ்வாரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக, இடையில் ஓரங்குலக் குச்சிகளைச் சம தூரத்தில் வைத்து அடுக்கி, மேலே பழைய அம்மிக்கல்லைப் பாரமாக ஏற்றினோம். மரம் எல்லாத் திசையிலும் ஒன்றுபோலச் சுருங்குவதில்லை. ஆரத்தின் வழியே சுருங்குவதைப்போல ஏறக்குறைய இருமடங்கு வட்டத்தின் வழியே சுருங்கும். அதனால் நடுவில் அறுபட்ட பலகை நேராக நிற்க, ஓரத்தில் அறுபட்டது மெல்லக் குழிந்து படகுபோல ஆகும். பாரம் வைத்தும் ஒரு பலகை குழிந்தது. அதன்மேல் இன்று செருப்பு விடுகிறோம்.

ஒரு பலகையை மட்டும் நண்பர் தனியாகக் குறித்து வைத்து, மாதம் ஒரு முறை பழைய பேப்பர்க் கடைத் தராசில் நிறுத்து, எடையையும் தேதியையும் அதன் முதுகிலேயே பென்சிலால் எழுதிவந்தார். முதல் நாள் 19 கிலோ. அந்தக் கோடையில் வேகமாக இறங்கி, பிறகு நிதானித்து, ஒன்றரை வருஷத்தில் 13½ கிலோவில் நின்றது. இனிச் சாமான் செய்யலாம் என்றார். மற்றப் பலகைகளில் ஒரு பெஞ்சும் பூஜை அறைக்கு ஒரு கதவும் ஆயின. எடை எழுதிய பலகையை என்னவோ இருவருக்குமே இழைக்க மனம் வரவில்லை. பென்சில் எழுத்துகள் போய்விடும். அது தாழ்வாரத்துச் சுவரோரம் இன்னும் நிற்கிறது. சென்ற கார்த்திகையில், எட்டு நாள் விடாத மழைக்குப் பிறகு, நண்பர் வந்து ஒரு பழக்க தோஷத்தால் அதைத் தராசில் ஏற்றினார். கால் கிலோ கூடியிருந்தது. காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்து அதையும் எழுதினார்.